எனக்கு இனிப்புநீர் இல்லை

நவமணி அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஓர் அரசாங்கத் தாளில் பேனாவால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. ரத்தமும் சிறுநீரும் வாங்கிச் சோதித்து முடிவு எழுதுவது. அன்று காலை முகப்பில் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். அவர் முறை வந்ததும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பாட்டிலை மேசைமேல் வைத்தார். ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லிக் கொடுக்கும் பாட்டில் அது. கூடவே டாக்டர் எழுதிய தாள். மஞ்சள் சேலை, நெற்றி நிறைய விபூதி, செருப்பு வாருக்கு வெளியே பிதுங்கும் கால்கள்.

"தம்பி, நீ தமிழா? இதுல எனக்கு என்ன நோயின்னு போட்டுருக்கு, படிச்சுச் சொல்லு."

படித்தேன். "இனிப்புநீரால கிட்னி பாதிப்புன்னு போட்டுருக்குக்கா."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

முகப்பில் கயிறு கட்டித் தொங்கிய பேனாவை இழுத்தார். அந்த வரியின் மேல் அழுத்தி இரண்டு கோடு போட்டார். "எனக்கு இனிப்புநீர் இல்ல. ஒரு வருஷமா கத்துறேன்."

"அக்கா, அதுல கிறுக்கக் கூடாதுலா."

"அவங்க மட்டும் கிறுக்கலாமா?"

வரிசையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், இருப்பதை ஒப்புக்கொள்ளாத இன்னொரு அம்மா என்றுதான் நினைத்தேன். எங்கள் சொந்தத்திலேயே அப்படி மூன்று பேர் இருக்கிறார்கள். பாட்டிலைத் தூக்கினேன். லேசாக இருந்தது.

"ஒரு நாள் முழுக்கப் பிடிச்சதாக்கா?"

"ஆமா," என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

நானூற்று இருபது மில்லி. எழுதினேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இதை எழுதும்போது எனக்கு வருகிற கோபத்தில் ஒரு பங்கு எனக்கே சேர வேண்டியது. அதை மறைக்கப்போவதில்லை.

நவமணி பிறந்தது பாகான் செராய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பிச்சைமுத்து பால்மரம் வெட்டியவர். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு, நவமணியும் அப்பாவோடு வாளி தூக்கினார். பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தார்கள், செம்பனையையும் விற்றார்கள், வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. எங்கள் தோட்டமும் அப்படித்தான் போனது. எங்கள் லயத்து வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படத்தை மாட்ட அந்த லயத்தில் ஒரு சுவர்கூட மிச்சமில்லை. அந்தக் கதையை இங்கே நீட்டவில்லை. நவமணி அக்காவுக்கும் அதில் ஏக்கம் எதுவும் இல்லை. "கொசுக்கடியும் கங்காணி பேச்சும். அதுக்கு எதுக்கு அழணும்?" என்பார்.

ராஜு அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு ஈப்போவில் புந்தோங்குக்கு வந்தார். அண்ணன் ஒரு பேரங்காடியில் ஜாகா. சீருடை, டார்ச் லைட், பன்னிரண்டு மணி நேரக் காவல். அக்கா ஒரு பலகாரத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் முறுக்கு சுட்டார். பெரிய எண்ணெய்ச் சட்டி முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிற வேலை. ஒரே மகள் ஷாமினி.

முதலில் கால் வீங்கியது. நின்று வேலை செய்வதால் என்று நினைத்தார். பிறகு சிறுநீரில் நுரை. "பாத்திரம் கழுவுற சோப்பக் கொட்டுன மாதிரி தம்பி. தண்ணி ஊத்துனாலும் போவல." கிளினிக்குக்குப் போனார். பசியாறிவிட்டுப் போயிருந்தார், அதுவும் கட்டிப்பால் போட்ட தேத்தண்ணியோடு. நர்ஸ் மிஸ்ஸி விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை எட்டு புள்ளி நான்கு, மில்லிகிராம் கணக்கில் நூற்றைம்பது. இனிப்பாக ஏதாவது குடித்தபின் நல்ல உடம்பிலும் அந்த அளவு வரும். டாக்டர் நிமிராமல் கேட்டாராம்.

"என்ன வேலை?"

"முறுக்கு சுடுறேன்."

"ஓ. பொரிச்சுக்கிட்டே தின்னுவீங்கதானே?"

எட்டு மணி நேரம் எண்ணெய்ப் புகையில் நின்றவளுக்கு முறுக்கைப் பார்த்தாலே குமட்டும் என்று அவருக்கு யார் சொல்வது? இந்தியப் பெண், ஐம்பது வயது, பலகாரத் தொழிற்சாலை, நுரை போகும் சிறுநீர். அவருக்குக் கணக்கு முடிந்துவிட்டது. சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்த மாத்திரையைப் பதினோரு நாள் விழுங்கினார் நவமணி. இல்லாத நோய்க்குச் சாப்பிட்ட மருந்து, இருந்த சர்க்கரையையும் இறக்கியது. பன்னிரண்டாம் நாள் வேலையில் வியர்த்துக் கொட்டி, கண் இருட்டி, சட்டியின் மேல் சாய்ந்தார். பக்கத்தில் நின்ற பெண் சட்டையைப் பிடித்து இழுத்ததால் முகம் தப்பியது. வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எண்ணெய் பட்டது. இன்றைக்கும் அந்தத் தோல் வேறு நிறம். மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று கிளினிக்கில் போய்ச் சொன்னார். ஏன் என்றும் சொன்னார். கோப்பில் எழுதியது ஒரே வரி: மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

அடுத்த முறை, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனை செய்தார்கள். மிகச் சரியாக இருந்தது. அதற்கடுத்த முறையும் அப்படியே.

"பார்த்தீங்களா, மருந்து நல்லா வேலை செய்யுது," என்றார் டாக்டர்.

"நாந்தான் சாப்பிடலயே டாக்டர்."

"சாப்பிட்டிருப்பீங்க. அதனாலதான் இவ்வளவு நல்லா இருக்கு."

ஒரே கோப்பு. முதல் பக்கத்தில் அவர் மருந்து சாப்பிடாதவர், அடுத்த பக்கத்தில் மருந்தால் தேறியவர். இரண்டையும் எழுதியது ஒரே கை. திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

டாக்டரை மட்டும் திட்டி என்ன பயன்? புந்தோங்கே சேர்ந்து அவருக்கு இனிப்புநீரை ஒட்டியது. கோயில் பெண்கள் பாகற்காய்ச் சாறு கொண்டுவந்தார்கள். "மறைக்காத நவமணி, நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இருக்கறதுதானே," என்றார்கள். ராஜு அண்ணன் சீனி டப்பாவை அரிசித் தொட்டிக்குள் ஒளித்துவைத்தார். அவருக்கும் சீனி போடாத கோப்பிதான் கிடைத்தது. "தண்டனைன்னா ரெண்டு பேருக்கும்தான்," என்று சீனியில்லாமலே ஊற்றிக் கொடுத்தாராம் அக்கா.

அந்தச் சமயத்தில்தான் பாட்டிலோடு எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ஒரு நாளில் எவ்வளவு புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது என்று பார்க்கத்தான் அந்தச் சோதனை. நானூற்று இருபது மில்லிக்குக் கணக்குப் போட்டால் ஒரு கிராமுக்கும் குறைவு. ஒழுகல் கொஞ்சம்தான், அவசரம் இல்லை என்று முடிவாயிற்று. சிறுநீரக நிபுணரைப் பார்க்க எட்டு மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள்.

எட்டு மாதத்தில் முகமும் வீங்கியது. ரத்த அழுத்தம் ஏறியது. நிபுணரிடம் போனபோது சிறுநீரகம் வேகமாகக் கெட்டுக்கொண்டிருந்தது. டயாலிசிஸுக்குத் தயாராகும் வகுப்புக்கு வரச் சொன்னார்கள். ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்வது அது, வாரத்தில் மூன்று நாள், தலா நான்கு மணி நேரம், சாகும்வரை. வகுப்பில் படம் போட்டார்கள். படத்தில் ஒரு ஆள் கேக் தின்றான்.

நவமணி எழுந்து நின்றார். "நிறுத்துங்க இத. எனக்கு இனிப்புநீர் இல்ல. இல்ல. இல்ல. மெஷின்ல படுக்கச் சொல்றீங்க, படுக்கறேன். என்ன நோயின்னு ஒருத்தனாச்சும் பாத்துட்டுச் சொல்லுங்கடா!"

கூட வந்திருந்த ஷாமினி அழுதுகொண்டே, "என் கிட்னில ஒண்ணு எடுத்துக்கங்க," என்றாள்.

"நீ வாய மூடு," என்றார் அம்மா.

அந்த வகுப்பை நடத்த வந்திருந்தவர் டாக்டர் நூருல். சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். இந்த மருத்துவமனைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. படத்தை நிறுத்தினார். அக்காவைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். கோப்பை முதல் பக்கத்திலிருந்து படித்தார். இதற்கு அவர் எடுத்துக்கொண்டது இருபது நிமிடம் என்று அக்கா சொன்னார். அந்த இருபது நிமிடத்தை அதற்கு முன் யாரும் கொடுக்கவில்லை.

சர்க்கரை எப்போதும் சரி. சிறுநீரில் புரதத்தோடு ரத்தமும் இருந்தது. இனிப்புநீரில் அப்படி ரத்தம் வருவது குறைவு. டாக்டர் நூருல் புதிதாகச் சில சோதனைகள் எழுதினார். அவற்றில் ஒன்று, மறுபடியும் அந்தப் பாட்டில்.

இரண்டாவது பாட்டில் கனமாக இருந்தது. இரண்டு லிட்டருக்கு மேல். புரதம் கிட்டத்தட்ட ஏழு கிராம். பழைய முடிவை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதிய எண், என் கையெழுத்து. அடுத்த வாரம் ரத்தம் கொடுக்க வந்தவரை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அக்கா, முதல் தடவ பாட்டில்ல முழுசாப் பிடிக்கலதானே?"

சுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்ப விரதம் தம்பி. கல்லுமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கறதா வேண்டிக்கிட்டிருந்தேன். பாட்டில ஐஸ்பெட்டில வைக்கச் சொன்னாங்க. அதுல சாமிக்குப் பால் இருக்கு, விரதச் சோறு இருக்கு. அதுல போயி மூத்திரத்த வைப்பேனா? வீட்டுக்குப் பின்னாடி கால்வாய் ஓரமா வாளியக் கவுத்து மறைச்சு வெச்சேன். ஒவ்வொரு தடவையும் அதத் தொட்டுட்டுத் தலைக்குக் குளிச்சுட்டுத்தான் உள்ள வரணும். மூணு தடவ குளிச்சேன். நடுங்கிப் போச்சு. அதுக்கப்புறம் போனதெல்லாம் கக்கூஸ்லதான் போச்சு."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. நான் கேட்டேனே."

"இருபது பேரு பின்னால நிக்கிறானுங்க. நீ ஆம்பளப் புள்ள. எத்தன தடவ ஒண்ணுக்குப் போனேன்னு உங்கிட்ட ஒப்பிக்கணுமா?" இப்போது குரல் ஏறியது. "சரி, நான் படிக்காதவ. நீ படிச்சவன். தோட்டத்துப் புள்ளதானே நீயும்? மஞ்சச் சேலயப் பாத்தல்ல?"

"பாத்தேன்."

"அப்பறம் என்ன மயித்துக்கு எழுதுன?"

அந்த ஆய்வுக்கூடத்தில் மஞ்சள் சேலைக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் நான். அந்த வீட்டு ஐஸ்பெட்டிக்குள் பாட்டில் நுழைந்திருக்காது என்று யூகிக்கக்கூடிய ஒரே ஆளும் நான். ஐந்து வருடம் படித்தேன், எந்த எண்ணுக்குக் கீழே சந்தேகப்பட வேண்டும் என்று பரீட்சையில் எழுதித் தேறினேன், வரிசை நீளமாக இருந்ததால் அடுத்த கேள்வியை விழுங்கினேன். எட்டு மாதம் போனது. நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி, ரத்தத்த எடு. அதயாச்சும் ஒழுங்கா எடு," என்றார்.

அந்த ரத்தத்தில்தான் அது தெரிந்தது. ரத்தப் புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கோடாக வரையும் சோதனை ஒன்று உண்டு. நோய்க்கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் ஆன்டிபாடிகள் அதில் ஓர் அகலமான மேடாகத் தெரியும். பல வகை இருப்பதால் பரந்து கிடக்கும். அக்காவின் மேட்டுக்கு நடுவே ஈர்க்குச்சி நட்டதுபோல் ஒரு மெல்லிய முனை. ஒரே அச்சில் வார்த்த ஆன்டிபாடி, அளவுக்கு மேல். சின்ன முனைதான். நான் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு டாக்டர் நூருலுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

முதுகு வழியாக ஊசி விட்டுச் சிறுநீரகத்தில் நூல் அளவு சதை எடுத்துப் பார்த்தார்கள். இனிப்புநீரின் அடையாளம் ஒன்றுமே இல்லை. முடிவு வந்த அன்று டாக்டர் நூருல் அக்காவையும் அண்ணனையும் உட்காரவைத்து விளக்கினார். ராஜு அண்ணன் சீருடையோடு வந்திருந்தார்.

"அண்ணே, நீங்க ஜாகாதானே? நம்ம ரத்தத்துலயும் ஜாகாங்க இருக்காங்க. காம்ப்ளிமெண்ட்னு பேரு. கிருமி வந்தா அடிப்பாங்க. அடிச்சது போதும், நிறுத்துன்னு சொல்ல ஒரு சூப்பர்வைசர் உண்டு. அக்காவோட எலும்பு மஜ்ஜையில ஒரு செல் கெட்டுப்போயி, தன்ன மாதிரியே பெருகி, ஒரே விதமான கெட்ட ஆன்டிபாடிய ஊத்திக்கிட்டு இருக்கு. அது அந்த சூப்பர்வைசர் வாயக் கட்டிப்போட்டுடுச்சு. ஜாகாங்க நிறுத்தாம அடிக்கிறாங்க. அடி விழுற இடம் கிட்னியோட வடிகட்டி."

"எங்க கம்பெனியில சூப்பர்வைசர் வாயக் கட்டுனா நாங்க தூங்கத்தான் போவோம் டாக்டர்," என்றார் அண்ணன்.

அக்கா சிரிக்கவில்லை. "அப்ப முறுக்கு?"

"சம்பந்தமே இல்லக்கா."

"இனிப்புநீர்?"

"உங்களுக்கு இல்ல. எப்பவும் இருந்ததில்ல."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். பிறகு ஷாமினியைப் பற்றியும் சொன்னார். மஜ்ஜையைக் கவனிக்காமல் மகளின் சிறுநீரகத்தை எடுத்துப் பொருத்தியிருந்தால், அதே ஆன்டிபாடி அதையும் தின்றிருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கேட்டபோது அக்காவுக்கு வந்த ஆத்திரத்தை என்னிடம் பிறகு சொல்லிக்காட்டும்போதும் உதடு துடித்தது. "என்னுத கெடுத்தது பத்தாதுன்னு எம்மவளுதயும் கெடுத்திருப்பானுங்க தம்பி. அதுக்கும் இனிப்புநீருன்னு பேரு வெச்சிருப்பானுங்க."

கடிதத்தை எடுத்துக்கொண்டு பழைய கிளினிக்குக்குப் போனார். அந்த டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டாராம். புதியவர் கடிதத்தைப் பொறுமையாகப் படித்தார். "எதுக்கும் சீனியக் கொஞ்சம் குறைச்சுக்குங்க," என்றார். அக்கா அந்த மேசையைத் தட்டிய சத்தம் மருந்து கொடுக்கும் இடம்வரை கேட்டது என்று அண்ணன் பெருமையாகச் சொல்வார்.

நோய் தெரிந்துவிட்டது, மருந்தும் இருக்கிறது. கெட்ட செல்லை அழித்தால் ஆன்டிபாடி நிற்கும், ஆன்டிபாடி நின்றால் அடி நிற்கும். அதற்கான ஊசி மஜ்ஜையில் வரும் ஒருவகைப் புற்றுநோய்க்குக் கொடுப்பது. இங்கேதான் இன்னொரு சுவர். அக்காவின் மஜ்ஜையில் கெட்ட செல்கள் புற்றுநோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. ஆகவே மருந்துக்கு அனுமதி கொடுக்கும் குழு முடியாது என்றது. சின்னதாக இருப்பதால் சிகிச்சை இல்லை. அந்தச் சின்னதுதான் இரண்டு சிறுநீரகத்தையும் இடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப என்ன, புத்துநோய் வந்ததும் வரச் சொல்றாங்களா?" என்று கேட்டார் அக்கா.

"அப்படித்தான் எழுதியிருக்காங்க," என்றார் டாக்டர் நூருல். அவருக்கும் முகம் சிவந்திருந்ததாம்.

டாக்டர் மூன்று கடிதம் எழுதினார். ரத்தநோய் நிபுணரிடம் நேரில் போய் வாதாடினார். நானும் என் பங்குக்கு வெவ்வேறு வாரங்களில் எடுத்த ரத்தத்தின் மூன்று வரைகோட்டையும் அச்செடுத்துக் கொடுத்தேன், முனை எப்படி வளர்கிறது என்று தெரியும்படி. அனுமதி வர ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரத்திலும் சிறுநீரகம் காத்திருக்கவில்லை.

வாரம் ஒரு முறை வயிற்றில் ஊசி. கூடவே ஒரு மாத்திரை. அதைச் சாப்பிட்ட நாளில் தூக்கம் வராது, கோபம் இரண்டு பங்காகும். "மருந்துக்கு முன்னாடியே இப்படித்தான் இருந்தா," என்பார் அண்ணன், கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு. விரல் நுனிகள் மரத்துப்போயின. முறுக்குப் பிழியும் அச்சைப் பிடித்தால் பிடி தெரியவில்லை. தொழிற்சாலை வேலையை விட்டார்.

நான்காம் மாதம் என் இயந்திரத்தில் முனை மழுங்கியது. ஆறாம் மாதம் மேடு மட்டும்தான் இருந்தது. ஒழுகிய புரதம் ஏழு கிராமிலிருந்து ஒன்றுக்கு வந்தது. அந்த வாரம் புந்தோங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுது. எம்பேரப் போடு. அந்த டாக்டர் பேரப் போடாத."

"பயமாக்கா?"

"பயமா? அந்தாளுக்கு எதுக்கு விளம்பரம்?"

பிறகு ஒரு கேள்வி கேட்டார். முதல் பாட்டில் சரியாக இருந்திருந்தால், அன்றைக்கே சிகிச்சை தொடங்கியிருந்தால், எவ்வளவு மிஞ்சியிருக்கும்? நான் மழுப்பவில்லை. பாட்டில் கொண்டுவந்த மாதம் அவருடைய சிறுநீரகம் பாதிக்குச் சற்றுக் குறைவாக வேலை செய்துகொண்டிருந்தது. அதில் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம். கெட்டுப்போன வடிகட்டி திரும்ப முளைக்காது. சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

நவமணிக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. புந்தோங்கில் கணவரோடும் மகளோடும் இருக்கிறார். கெட்ட ஆன்டிபாடி ரத்தத்தில் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்கு வருகிறார். சிறுநீரகம் கால்பங்குதான் வேலை செய்கிறது. பதினான்கு மாதமாக அது குறையவில்லை. டயாலிசிஸ் இல்லை. ஷாமினியின் இரண்டு சிறுநீரகமும் ஷாமினியிடம்தான் இருக்கின்றன.